சபையாருக்குள் காட்டும் அன்பு எப்படி விசுவாசத்தின் சாட்சியாகும்?

எந்தக் குழுவும் தன் ஆட்களைத் தானே பார்த்துக்கொள்கிறது. அப்படியிருக்க, கிறிஸ்தவர்கள் தங்கள் சபையாரிடம் காட்டும் அன்பை மட்டும் ஏன் சாட்சி என்று சொல்ல வேண்டும் எனக் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. உங்களைச் சிநேகிக்கிறவர்களையே சிநேகித்தால் பலன் என்ன, மக்கள் வெறுத்த வரிவசூலிப்பவர்களான ஆயக்காரரும் அப்படிச் செய்கிறார்களே என்று மலைப்பிரசங்கத்தில் இயேசுவே கேட்டிருக்கிறார்.

ஆகவே, “நீங்கள் ஒருவரிலொருவர் அன்புள்ளவர்களாயிருந்தால்” எல்லாரும் உங்களை என் சீஷரென்று அறிந்துகொள்வார்கள் என்று அவர் சொன்ன வேளையைக் கவனிக்க வேண்டும். யோவான் 13ஆம் அதிகாரத்தில், இயேசு தம் சீஷர்களின் கால்களை, யூதாசின் கால்களையும் சேர்த்துக் கழுவி முடித்து, அவன் அவரைக் காட்டிக்கொடுப்பதற்காக இருளுக்குள் எழுந்து போன பிறகுதான் இந்தக் கட்டளை வருகிறது. பிறனிடத்தில் அன்புகூர வேண்டும் என்பது பழைய ஏற்பாட்டின் லேவியராகமத்திலேயே உண்டு. “நான் உங்களில் அன்பாயிருந்ததுபோல” என்னும் அளவுதான் புதிது.

இந்த அளவு நடைமுறையில் எப்படியிருக்கும் என்பதற்கு நான் அடிக்கடி திரும்பிப் போகும் இடம் அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம். எருசலேம் சபையில் அன்றாட உதவி வழங்கும்போது தங்கள் விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள் என்று கிரேக்கமொழி பேசிய விசுவாசிகள் முறுமுறுத்தார்கள். அன்பு நிறைந்த சபை என்று நாம் புகழும் அதே சபையில்தான் இந்தப் பாரபட்சமும் இருந்தது. குறை சொன்னவர்களை அப்போஸ்தலர்கள் அடக்கவில்லை. அந்தப் பணிக்கு 7 பேரைத் தெரிந்துகொள்ளும்படி சபையாரிடமே சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்னும் 7 பெயர்களும் கிரேக்கப் பெயர்கள்! விடுபட்டவர்களின் பக்கத்தாரிடமே பந்தியின் பொறுப்பு போய்ச் சேர்ந்தது என்றே நான் இதை வாசிக்கிறேன். இதை அடுத்தே, சீஷருடைய தொகை எருசலேமில் மிகவும் பெருகிற்று என்று அப்போஸ்தலர் நூலின் ஆசிரியரான லூக்கா எழுதுகிறார்.

இப்படிப்பட்ட அன்பு சபைச் சுவருக்குள் அடங்கி நிற்பதுமில்லை. கிறிஸ்தவத்தை விட்டு விலகிப் பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்ற ரோமப் பேரரசர் ஜூலியன், 362இல் ஒரு தலைமைப் பூசாரிக்கு எழுதிய கடிதத்தில், கலிலேயர் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் ஆதரிக்கிறார்களே என்று மனம் நொந்திருக்கிறார்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். என் தாயார் படுத்த படுக்கையாயிருந்தபோது, சபைக் கணக்கு தொடர்பான ஒரு மனத்தாங்கலால் என்னோடு பேச்சை நிறுத்தியிருந்த சகோதரி ஒருவர் தாமாகவே வந்தார். அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, படுக்கைப்புண்ணைச் சுற்றி வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றியெடுத்து, நனைந்த விரிப்பை அவரே துவைப்பார். கட்டு மாற்ற வரும் செவிலியர், கிறிஸ்தவர் அல்லாதவர், “இவர் உங்களுக்கு என்ன உறவு?” என்று ஒருநாள் கேட்டார். ஒரே சபை என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வெட்கமாயிருந்தது, ஏனெனில் அந்த மனத்தாங்கலில் தவறு என்னுடையது. அன்று மாலை அந்தச் சகோதரி விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தபோது அருகில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, விரிப்பின் மறுமுனையை என் கையில் கொடுத்து, “இறுக்கிப் பிடியுங்கள்” என்றார்.