இலங்கையில் சட்டம் படித்தால் கனடாவில் வழக்குப் பேசலாமா?

வணக்கம் அம்மா. மகள் சட்டம்தான் படிப்பேன் என்று நிற்கிறாள், டொரொன்டோவில் இருக்கும் பெரியப்பாவோ "அந்தப் படிப்பு இங்கே செல்லாது" என்கிறார் என்று திருகோணமலை உவர்மலையிலிருந்து எழுதியிருந்தீர்கள். பெரியப்பா சொல்வது பாதிதான் சரி.

இலங்கையின் ரோமன்-டச்சுச் சட்டமும் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையும் படித்து, கொழும்பு புதுக்கடை சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை முடித்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்த சட்டத்தரணி ஒருவர் டொரொன்டோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் போய் இறங்கியதும் வழக்குப் பேச முடியாது. ஆனால் அந்தப் படிப்பு வீணாவதும் இல்லை.

கனடாவில் என்.சி.ஏ. என்ற தேசிய அங்கீகாரக் குழு வெளிநாட்டுச் சட்டப் படிப்பை மதிப்பிடுகிறது. எந்தப் பாடங்கள், என்ன புள்ளிகள், வகுப்பில் இருந்து படித்ததா என்றெல்லாம் பார்த்துவிட்டு, இன்னின்ன பரீட்சைகளை எழுது என்று சொல்லும். கனடாவின் அரசியலமைப்பு, நிர்வாகச் சட்டம், குற்றவியல், சட்ட அடிப்படைகள், தொழில் ஒழுக்கம் ஆகிய ஐந்தும் பெரும்பாலும் எல்லோருக்கும் வரும். அவற்றை முடித்தால் கிடைப்பது தகுதிச் சான்றிதழ் மட்டுமே. அப்புறம் மாகாணச் சட்டச் சங்கத்தின் பரீட்சைகளும் ஆர்ட்டிக்லிங் என்ற வேலைப் பயிற்சியும் இருக்கின்றன. கியூபெக் மாகாணத்தின் வழி வேறு.

"வகுப்பில் இருந்து" என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். திருகோணமலையில் வீட்டில் இருந்தபடியே ஒன்லைனில் எல்.எல்.பி. என்ற சட்டப் பட்டத்தை முடிக்கலாம் என்று விளம்பரங்கள் வருகின்றன. பிள்ளையைக் கொழும்பு விடுதியில் விடப் பயப்படும் தாய்க்கு அது பெரிய ஆறுதல், எனக்கும் புரிகிறது. ஆனால் தொலைக்கல்வியாகப் படித்த பட்டத்துக்கு அந்தக் குழு மேலதிகப் படிப்பும் கேட்கும். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தால், விடுதிப் பயத்துக்காக அதை விட்டுவிடாதீர்கள்.

இங்கிலாந்துக்குப் போவதென்றால், அங்கே சொலிசிட்டர் என்ற சட்டத்தரணி ஆவதற்கு 2021 முதல் எஸ்.கியூ.இ. பரீட்சை நடக்கிறது. பட்டத்தோடு மட்டும் போகிறவர் இரண்டு வருட வேலை அனுபவம் காட்ட வேண்டும்; ஏற்கெனவே சட்டத்தரணியானவருக்கு அது தேவையில்லை. அதனால் மகள் இங்கேயே சத்தியப்பிரமாணம் வரை முடித்துவிட்டுப் போவதுதான் நல்லது என்பேன். போகாமல் இருந்துவிட்டாலும் தொழில் கையில் இருக்கும்.

இன்னொன்று, பிறப்புச் சான்றிதழ், உயர்தரச் சான்றிதழ், கடவுச்சீட்டு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தகப்பன் பெயரின் ஆங்கில எழுத்து ஒன்றில் ஒருவிதமாகவும் மற்றதில் இன்னொருவிதமாகவும் இருந்தால் இப்போதே திருத்தப் பாருங்கள். பெறுபேற்றுப் பத்திரத்தைப் பல்கலைக்கழகமே என்.சி.ஏ.வுக்கு நேரடியாக அனுப்பும்போது பெயர் பொருந்த வேண்டும். தனியார் நிறுவனம் எதிலாவது சேர்ப்பதென்றால், வகுப்பு நேரில் நடக்கிறதா, பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தினுடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு காசைக் கட்டுங்கள்.