திறந்த மூலச் செயலி வந்தால் சிப் துறையில் உண்மையில் என்ன மாறும்?

"திறந்த மூலச் செயலி வடிவமைப்பு குறைக்கடத்தித் துறையையே புரட்டிப் போட்டுவிடும் என்கிறார்களே, எப்படி? சிப் விலை குறையுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

விலையை முதலில் முடித்துவிடுகிறேன். பெரிதாகக் குறையாது. ஒரு சிப்பின் விலையில் செயலிக்கான ராயல்டி சிறு பங்குதான். மீதியெல்லாம் சிலிக்கான் வேஃபர் (சிப்களைச் செதுக்கும் வட்டத் தகடு), சோதனை, பேக்கேஜிங், அப்புறம் அதை உருவாக்கியவர்களின் பல வருட உழைப்பு. மிக மலிவான கண்ட்ரோலர் சிப்களில் மட்டும் அந்த ராயல்டி கண்ணில் படும். மாறுவது வேறு ஒன்று: ஒரு செயலியைத் தன் தேவைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள யாருடைய அனுமதி வேண்டும் என்பது. செயலி வடிவமைப்புகளைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவன் நான். எனக்கு இந்த ஒரு மாற்றம்தான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாகத் தெரிகிறது.

இதில் மூன்று விஷயங்களைப் பலரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று கட்டளைத் தொகுதி: செயலிக்குப் புரியும் கட்டளைகள் எவை, ஒவ்வொன்றும் என்ன செய்யும், எந்தப் பிட் எங்கே இருக்கும் என்கிற விதிகள். அந்த விதிகளின்படி இயங்கும் சுற்றை வரைவது இரண்டாவது. அதைச் சிலிக்கானில் தயாரிப்பது மூன்றாவது. வெண்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். சீரும் தளையும் ஈற்றடியும் எப்படி அமைய வேண்டும் என்ற இலக்கணம் எல்லோருக்கும் பொது. அதை வைத்து நீங்கள் எழுதும் பாட்டு உங்களுடையது. ஆனால் புத்தகமாகப் போட வேண்டுமென்றால் அச்சகத்துக்குப் பணம் கட்டித்தான் ஆகவேண்டும். நீங்கள் கேட்கும் திறந்த மூலச் செயலிப் பேச்சுக்கு மையமாக இருப்பது ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுதி. அது பொதுவில் வைத்தது இலக்கணத்தை. அந்த இலக்கணத்தில் எழுதிய கோர்களை, அதாவது கட்டளைகளை இயக்கும் செயலிச் சுற்றுகளை, சிலர் இலவசமாகத் தருகிறார்கள், சைஃபைவ், ஆண்டீஸ் போன்ற நிறுவனங்கள் விற்கின்றன. அச்சகம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இதற்கு முன் இலக்கணத்துக்கே சொந்தக்காரர்கள் இருந்தார்கள். பல லேப்டாப்களிலும் சர்வர்களிலும் இருக்கும் எக்ஸ்86 என்றால் நடைமுறையில் இன்டெல், ஏஎம்டி என்று இரண்டு பேர். போன்களில் இருக்கும் ஆர்ம் என்றால், அதே பெயருள்ள நிறுவனத்துக்கு முதலில் லைசென்ஸ் கட்டணம், பிறகு விற்கும் ஒவ்வொரு சிப்புக்கும் ராயல்டி. கோர் முழுவதையும் நீங்களே வடிவமைக்கலாம் என்கிற உயர்நிலை லைசென்ஸ் வாங்கினாலும், கட்டளைகளில் உங்கள் இஷ்டத்துக்குக் கை வைக்க முடியாது. பல வருடங்கள் இது யாரையும் பெரிதாக உறுத்தவில்லை. 2020இல் என்விடியா, ஆர்மை 4,000 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தபோதுதான் பலருக்கும் உறுத்தியது. தங்கள் போட்டியாளரிடமே போய் லைசென்ஸ் கேட்டு நிற்கும் நிலை வந்துவிடுமோ என்று கவலைப்பட்டார்கள். கட்டுப்பாட்டு அமைப்புகள் எதிர்த்ததால் 2022 பிப்ரவரியில் அந்த முயற்சி கைவிடப்பட்டது.

அதே வருடம் இன்னொன்றும் நடந்தது. ஆர்ம் லைசென்ஸில் கோர் வடிவமைத்துக்கொண்டிருந்த நுவியா என்கிற சிறு நிறுவனத்தை, போன் சிப்கள் செய்யும் குவால்காம் 2021இல் சுமார் 140 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. நுவியாவின் லைசென்ஸ் குவால்காமுக்குத் தானாகக் கைமாறாது என்று ஆர்ம் வழக்குப் போட்டது. 2024 டிசம்பரில் ஜூரி முக்கியமான கேள்விகளில் குவால்காம் பக்கம் தீர்ப்புச் சொன்னது. யார் வென்றார்கள் என்பதைவிட, இரண்டு வருடத்துக்கும் மேலாகத் தன் சொந்தப் பொறியாளர்கள் வடிவமைத்த கோரைத் தான் விற்கலாமா என்ற கேள்வியோடு ஒரு பெரிய நிறுவனம் நீதிமன்றத்தில் நின்றதே, அதுதான் துறையில் இருப்பவர்கள் மனதில் பதிந்தது. 2023இல் குவால்காமும் பாஷ், இன்ஃபினியான், நோர்டிக், என்எக்ஸ்பி ஆகியவையும் சேர்ந்து ரிஸ்க்-ஃபைவுக்காகவே ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கின. எனக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

ரிஸ்க்-ஃபைவின் தொடக்கம் மிகச் சாதாரணமானது. 2010இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டே அசனோவிச்சும் அவருடைய மாணவர்களும் தங்கள் ஆராய்ச்சிக்கு ஒரு கட்டளைத் தொகுதி தேடினார்கள். எக்ஸ்86 மிகச் சிக்கலானது, ஆர்முக்கு லைசென்ஸ் தொல்லை. சரி, நாமே ஒன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தார்கள். டேவிட் பேட்டர்சனும் அவர்களோடு இருந்தார். 2015இல் ஒரு அறக்கட்டளை உருவாகி, பின்னர் 2020இல் அதன் சட்ட முகவரி சுவிட்சர்லாந்துக்கு மாறியது. எந்த ஒரு நாட்டின் அரசியலும் விதிகளைத் தொடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக.

பெரும்பாலானவர்கள் இது லேப்டாப்பில் எப்போது வரும், போனில் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அது சத்தமில்லாமல் வேறு வழியாக உள்ளே வந்துவிட்டது. ஒரு பெரிய சிப்புக்குள் வெளியே தெரியாத குட்டிக் கண்ட்ரோலர்கள் பல இருக்கும். மின்சாரத்தைக் கட்டுப்படுத்த ஒன்று, பாதுகாப்பாகப் பூட் ஆகிறதா என்று பார்க்க ஒன்று, நினைவகத்தை மேற்பார்க்க ஒன்று. என்விடியா தன் கிராஃபிக்ஸ் சிப்களில் இந்த வேலைகளுக்கு முன்பு தானே உருவாக்கிய ஒரு கண்ட்ரோலரை வைத்திருந்தது. அந்த இடத்தில் ரிஸ்க்-ஃபைவ் கோர்களை வைக்கத் தொடங்கி, ஒரு சிப்பிலேயே 10 முதல் 40 கோர்கள் வரை வைக்கும் நிலைக்கு வந்துவிட்டது. வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் சேமிப்புச் சாதனங்களுக்காக ஒரு கோரை வடிவமைத்து, 2019இல் அதன் மூலத்தையே வெளியிட்டது. இந்த இடங்களில் பழைய மென்பொருள் எதையும் ஓட்ட வேண்டியதில்லை, உள்ளே ஓடும் நிரலை அந்த நிறுவனமே எழுதுகிறது. அதனால் மாறுவதற்குத் தடையே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ராஸ்பெர்ரி பை நிறுவனத்தின் பிக்கோ 2 என்கிற குட்டிக் கண்ட்ரோலர் பலகை. 2024இல் வந்த அந்தப் பலகையில் இருக்கும் ஆர்பி2350 சிப்பில் இரண்டு ஆர்ம் கோர்கள், இரண்டு ரிஸ்க்-ஃபைவ் கோர்கள் என நான்கு இருக்கின்றன. ஒரே நேரத்தில் இரண்டு மட்டும் ஓடும். எந்த வகை ஓட வேண்டும் என்று பூட் ஆகும்போது நாம் தேர்ந்தெடுக்கலாம். அந்த ரிஸ்க்-ஃபைவ் கோரின் பெயர் ஹஸார்ட்3. ராஸ்பெர்ரி பையில் வேலை பார்க்கும் ஒரு பொறியாளர் தன் ஓய்வு நேரத்தில் எழுதி, மூலத்தைப் பொதுவில் வைத்தது. தசம எண் கணக்குகளில் ஆர்ம் பக்கம் வேகம் அதிகம், ஏனென்றால் ஹஸார்ட்3இல் அதற்கான வன்பொருள் கிடையாது. ஆனால் ஒரு தனி ஆளின் வேலை, பல வருடம் சந்தையில் நின்ற ஒரு கோரின் பக்கத்தில், அதே சிலிக்கானில் உட்கார்ந்திருக்கிறது. லைசென்ஸ் பேச்சுவார்த்தை என்று ஒன்று இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஆர்வி32ஐ என்கிற ரிஸ்க்-ஃபைவின் அடிப்படைத் தொகுதிக்கு ஒரு கோரை, சுற்றுகளை விவரிக்கும் மொழியான வெரிலாக்கில் நானே எழுதினேன். மொத்தம் 40 கட்டளைகள், 32 ரெஜிஸ்டர்கள் (செயலிக்குள் எண்களை வைத்துக்கொள்ளும் சிறு இடங்கள்). நிபந்தனை பார்த்துத் தாவும் கட்டளையில், எவ்வளவு தூரம் தாவ வேண்டும் என்ற எண்ணின் பிட்டுகள் வரிசையாக இருக்காது. அந்த எண்ணின் 12வது பிட், அதாவது முன்னாலா பின்னாலா என்று சொல்லும் குறி, கட்டளையின் 31வது இடத்தில் இருக்கும். 11வது பிட் எங்கோ தள்ளி 7வது இடத்தில் இருக்கும். முதலில் பார்க்கும்போது தலை சுற்றும். காரணம் அழகானது: எல்லா வடிவங்களிலும் குறி ஒரே இடத்தில் இருந்தால், மற்ற பிட்டுகளும் முடிந்தவரை இடம் மாறாமல் இருந்தால், சுற்றில் கம்பிகளும் தேர்வுச் சுற்றுகளும் குறையும்.

நான் 7வது இடத்திலிருந்து எடுக்க வேண்டிய பிட்டுக்குப் பதிலாக, குறியையே இரண்டாவது முறையும் போட்டுவிட்டேன். இந்தப் பிழையின் ஆபத்து என்னவென்றால், 2,048 பைட்டுக்கு உள்ளே தாவும்வரை, முன்னால் தாவினாலும் பின்னால் தாவினாலும், அந்த இரண்டு பிட்டுகளும் ஒரே மதிப்புதான். நான் எழுதிய எல்லாச் சோதனை நிரல்களும் சிறியவை. எல்லாமே சரியாக ஓடின. ஒரு பெரிய நிரலைப் போட்டபோதுதான் எங்கேயோ போய் நின்றது. மூன்று நாள் தேடினேன். கடைசியில் ஸ்பைக் என்கிற பொது சிமுலேட்டரில் அதே நிரலை ஓட்டி, ஒவ்வொரு கட்டளைக்கும் இரண்டு பக்கமும் என்ன நடந்தது என்று வரிக்கு வரி ஒப்பிட்டபோது, முதல் வித்தியாசம் ஒரு நீண்ட தாவலில் வந்தது. எஃப்பிஜிஏவில், அதாவது உள்ளே இருக்கும் சுற்றை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றக்கூடிய சிப்பில், இருந்ததால் ஒரு வரியைத் திருத்தி மறுபடி ஏற்றினேன். சிலிக்கானில் போயிருந்தால் மாஸ்க்குகளை, அதாவது சுற்றைச் சிலிக்கானில் பதிக்கும் அச்சுகளை, புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். பழைய தொழில்நுட்பத்திலேயே அது லட்சக்கணக்கான டாலர், முன்னணி ஃபேப்களில் (சிப் தயாரிக்கும் ஆலைகளில்) கோடியைத் தொடும்.

மென்பொருளில் திறந்த மூலம் செய்ததை அப்படியே சிப்பிலும் எதிர்பார்ப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். லினக்ஸில் பிழை வந்தால் அடுத்த வாரம் திருத்தம் வரும். இங்கே வராது. அதனால் ஒரு கோரை எழுதுவதைவிட, அது எல்லாச் சூழலிலும் சரி என்று நிரூபிப்பதற்குத்தான் அதிக நேரமும் ஆட்களும் தேவைப்படுகிறார்கள். ஆர்ம் லைசென்ஸுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி இந்த உறுதிக்கான விலை. இலவசக் கோரை எடுத்தால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் வந்து உட்காரும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் ஜெர்மனியின் சிஸ்பா ஆய்வு மையத்தினர், அலிபாபாவின் டி-ஹெட் வடிவமைத்த சி910 கோரில் கோஸ்ட்ரைட் என்ற பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். பல எண்களை ஒரே நேரத்தில் கையாளும் வெக்டர் கட்டளைகளில் சில, எந்த நிரல் எந்த நினைவகத்தைத் தொடலாம் என்கிற காவலைத் தாண்டி நேரடியாக எழுதின. வெக்டர் பகுதி முழுவதையும் அணைப்பதைத் தவிர அதற்கு வேறு தீர்வு இல்லை. பயங்கரமான பிழைதான். ஆனால் கண்டுபிடித்த விதத்தைப் பாருங்கள்: ஒரே நிரல்களை வெவ்வேறு நிறுவனங்களின் ரிஸ்க்-ஃபைவ் சிப்களில் ஓட்டி, யாருடைய விடை மட்டும் மாறுகிறது என்று ஒப்பிட்டார்கள். பல பேர் தனித்தனியாக வடிவமைத்தும் விதிகள் பொதுவாக இருப்பதால்தான் இந்த ஒப்பீடு இவ்வளவு எளிதானது. என் தாவல் பிழையைப் பிடித்த அதே முறை.

அச்சகத்துக்கு, அதாவது சிலிக்கானில் தயாரிப்பதற்கு, வருவோம். முன்னணி சிப்களைத் தயாரிப்பதில் தைவானின் டிஎஸ்எம்சியின் இடமோ, அதற்காக மிக நுண்ணிய சுற்றுகளை ஒளியால் பதிக்கும் ஈயூவி இயந்திரங்களைச் செய்யும் ஒரே நிறுவனமான ஏஎஸ்எம்எல்லின் இடமோ இதனால் அசையாது. வடிவமைப்பு மென்பொருளிலும் சினாப்சிஸ், கேடென்ஸ், சீமென்ஸ் ஆகிய மூன்றின் பிடிதான். அதைவிடச் சிக்கல், ஒவ்வொரு ஃபேபும் தன் தொழில்நுட்ப விவரங்களை ரகசிய ஒப்பந்தம் போட்டுத்தான் தரும். கோர் திறந்திருந்தாலும் அதன் இறுதி வரைபடத்தை நீங்கள் வெளியிட முடியாது. 2020இல் கூகுளும் ஸ்கைவாட்டர் என்கிற ஃபேப் நிறுவனமும் அதன் 130 நானோமீட்டர் தொழில்நுட்ப விவரங்களைப் பொதுவில் வைத்தது இதனால்தான் பெரிய விஷயம். யோசிஸ், ஓப்பன்ரோட் போன்ற இலவசக் கருவிகளோடு சேர்த்து, முதன்முறையாக விதியிலிருந்து வரைபடம்வரை எல்லாமே வெளிப்படையாக இருக்க வழி பிறந்தது. பலருடைய குட்டி வடிவமைப்புகளை ஒரே சிப்பில் சேர்த்து அனுப்பும் டைனி டேப்அவுட் மாணவர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் இந்த வழியை நடத்திக்கொண்டிருந்த ஈஃபேப்லெஸ் நிறுவனம் பணமில்லாமல் 2025 தொடக்கத்தில் மூடப்பட்டது. எனக்கு அது சொந்த இழப்பு மாதிரி இருந்தது. டைனி டேப்அவுட் வேறு ஃபேப் தேடிப் போய்த் தொடர்கிறது என்பது ஆறுதல்.

போன், சர்வர் பக்கம் வேகம் குறைவுதான். யார் வேண்டுமானாலும் கட்டளை சேர்க்கலாம் என்றால், ஒருவருக்காகத் தொகுத்த நிரல் இன்னொருவரின் சிப்பில் ஓடாமல் போகலாம். அதற்காக 2024 அக்டோபரில் ஆர்விஏ23 என்ற பட்டியலை உறுதி செய்தார்கள். லினக்ஸ் போன்ற இயங்குதளம் ஓட்டும் சிப்பில் எந்தெந்தக் கட்டளைகள் கட்டாயம் என்று அது சொல்கிறது. இதற்குப் பிறகு வடிவமைத்த சிப்கள் கைக்கு வரட்டும், அப்போது பேசலாம்.

நாடுகளின் கணக்கு வேறு. சீன அறிவியல் கழகம் சியாங்ஷான் என்ற உயர்வேகக் கோரைத் திறந்த மூலமாக வளர்க்கிறது. ஐஐடி மெட்ராஸின் சக்தி செயலி 2018இல் இன்டெலின் 22 நானோமீட்டர் ஃபேபில் தயாராகி லினக்ஸை ஓட்டியது. வெளியிட்ட விதிகளை யாரும் திரும்பப் பிடுங்க முடியாது என்பதால்தான் அரசுகளுக்கு இதில் இவ்வளவு ஆர்வம். ஃபேபையும் இயந்திரங்களையும் மறுக்கலாம் என்பது அப்படியே இருக்கிறது.

மாற்றம் தொடங்கிவிட்டதற்கு என்ன சாட்சி என்று கேட்டால் ஆர்மையே காட்டுவேன். 2019இல் தன் கார்டெக்ஸ்-எம்33 கோரில் வாடிக்கையாளர்கள் சொந்தக் கட்டளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அது அறிவித்தது. அதே வருடம், முன்பணம் குறைவாகக் கட்டி, பல கோர்களை முயன்று பார்த்துவிட்டுப் பிறகு லைசென்ஸ் கட்டும் திட்டத்தையும் கொண்டுவந்தது. ரிஸ்க்-ஃபைவ் கோர் ஒன்றைக்கூடத் தொடாத நிறுவனங்களுக்கும் அந்தச் சலுகை கிடைத்தது.

நீங்கள் மாணவராக இருந்தால், படித்துக்கொண்டே இருக்காமல் ஆர்வி32ஐ ஒன்றை எழுதிப் பாருங்கள். சில வாரங்களில் முடியும். முதல் நாளிலிருந்தே ஸ்பைக்கோடு ஒப்பிடுங்கள். 2,048 பைட்டுக்கு மேல் தாவும் சோதனை ஒன்றையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.