டெவன் லாக் என்ன தப்பு செய்தது?

வணக்கம் ஐயா,

இங்கிலாந்து கால்பந்துச் செய்தி ஒன்றில், லீக் முடியச் சில வாரங்களே இருக்கும்போது முதலிடத்தைக் கோட்டைவிட்ட ஓர் அணியை ‘டெவன் லாக் ஆகிவிட்டது’ என்று எழுதியிருந்தார்கள். யார் அந்த டெவன் லாக்? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்போமே, அதுதானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அது ஒரு பந்தயக் குதிரை. எலிசபெத் மகாராணியின் தாயாருக்குச் சொந்தமானது. 1956 மார்ச் 24 அன்று, லிவர்பூலை ஒட்டிய எய்ன்ட்ரீயில் கிராண்ட் நேஷனல் பந்தயம். 7 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும், 30 தடைகளைத் தாண்ட வேண்டும். பல குதிரைகள் பாதியிலேயே விழுந்துவிடும். டெவன் லாக் முப்பதையும் தாண்டிவிட்டது. பின்னால் வந்த ஈ.எஸ்.பி. என்ற குதிரை நன்றாகவே பின்தங்கியிருந்தது. இனி வெறும் புல்தரை, கூட்டத்தின் ஆரவாரம், அவ்வளவுதான்.

எல்லைக்கு ஐம்பது கஜம்கூட இல்லாத இடத்தில், எதிரே எந்தத் தடையும் இல்லாமலே, அது தாண்டுவதுபோல முன்கால்களைத் தூக்கியது. அடுத்த கணம் முன்கால்கள் இரண்டும் நீட்டிக்கொள்ள, வயிறு தரையில் பட விழுந்தது. ஈ.எஸ்.பி. கடந்துபோய் வென்றது.

ஏன் அப்படி நடந்தது என்பது இன்றுவரை தீரவில்லை. பக்கத்தில் இருந்த நீர்த்தடையின் நிழலைப் பார்த்துத் தாண்ட முயன்றது என்றார்கள், தசைப்பிடிப்பு என்றார்கள். ஓட்டிய ஜாக்கி டிக் ஃப்ரான்சிஸோ, அரச குடும்பத்துக் குதிரை வெல்லப்போகிறதென்று எழுந்த பெருங்கூச்சல்தான் அதை மிரட்டியது என்று நம்பினார். அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்று எழுத வந்தார். குதிரைப் பந்தய உலகை வைத்து ஏராளமான துப்பறியும் நாவல்கள் எழுதிப் பெரும்புகழ் பெற்றார். குதிரைக்கு மிஞ்சியது இந்தச் சொல்வழக்கு.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன பழமொழி டெவன் லாக்குக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. அந்தக் கால்பந்து அணிக்குத்தான் டெவன் லாக் பொருந்தவில்லை. கடைசி நேரத்தில் பயந்து சொதப்புகிறவர்களுக்கெல்லாம் அந்தப் பெயரை வைப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. டெவன் லாக் தன்னிடம் கேட்டதையெல்லாம் செய்த குதிரை. அது சோர்ந்துபோய் விழவில்லை என்று அதன்மேல் உட்கார்ந்திருந்தவரே சொல்லியிருக்கிறார். உங்கள் அணி வாரக்கணக்கில் ஆட்டம் ஆட்டமாகத் தோற்றிருக்கிறது. திருத்திக்கொள்ள அதற்கு நேரம் இருந்தது; டெவன் லாக்குக்கு ஒரு நொடிகூட இல்லை.