பச்சைக் கூலண்டுடன் சிவப்புக் கூலண்டைக் கலக்கலாமா?

கடலோர ஊரான மண்டபம் அருகே கார் சூடேறியதால், பச்சைக் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) இருந்த தொட்டியில் கடையில் கிடைத்த சிவப்புக் கூலண்டை அரை லிட்டர் ஊற்றிவிட்டதாகவும், அதனால் இன்ஜின் கெடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உடனே கெடாது, ஆனால் அப்படியே விட்டுவிடவும் கூடாது.

நிறம் வெறும் சாயம்தான். அதற்குப் பொது விதி எதுவும் இல்லை. பெரும்பாலான கூலண்டுகளின் அடிப்படை எத்திலீன் கிளைக்கால். வேறுபடுவது அரிப்புத் தடுப்பு வேதிப்பொருள்: பழைய வகையில் சிலிக்கேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் உலோகத்தின்மீது விரைவாகப் படலம் அமைத்து, ஏறக்குறைய 2 ஆண்டுகளில் தீர்ந்துவிடுகின்றன, கரிம அமில வகையோ மெதுவாகச் செலவழிந்து 5 ஆண்டுகள் வரை தாங்குகிறது. இரண்டும் கலந்தால் அந்த நீண்ட ஆயுள் போய்விடும். சில கலவைகளில் உப்பு பிரிந்து, பழுப்பு நிறக் கூழாகி, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கவும் கூடும்.

நம் கரையோரத்தில் இதைவிடப் பெரிய தவறு, உவர்ப்பான போர்த் தண்ணீரை ஊற்றுவதே என்பேன். கெட்டிலின் அடியில் படியும் அந்த வெள்ளைப் பொருக்கு ரேடியேட்டருக்குள்ளும் படியும். தண்ணீரிலுள்ள குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். அவசரத்துக்கு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறந்து, பழையதை வடித்து, டிஸ்டில்டு வாட்டரை நிரப்பி, தெர்மோஸ்டாட் (சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறக்கும் வரை ஓடவிட்டு, ஆறவிட்டு வடியுங்கள். தெளிந்த நீர் வரும்வரை இதைத் திரும்பச் செய்தபின், கார் கையேட்டில் குறிப்பிட்ட வகையை மட்டும் நிரப்புங்கள். வடித்ததைத் தெருவில் விடாதீர்கள்; இனிப்பான அந்த நஞ்சை நாய்கள் நக்கிவிடும்.