மனநல மருத்துவரிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது?

கேள்வி: அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் டாக்டர் மூன்று நிமிடம்கூடப் பார்ப்பதில்லை. அண்ணனுக்கு என்ன செய்கிறது என்று அவருக்குப் புரியவைப்பது எப்படி?

முதலில் உங்கள் அண்ணனைப் பேச விடுங்கள். கேட்டிருப்பது நீங்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

என் தம்பிக்கு பைபோலார், அதாவது அளவுமீறிய உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் மனநோய். மன்னார்குடிப் பக்கம் கிராமம். அவனோடு ஓ.பி.யில் உட்கார்ந்து பார்த்த வரையில், கிடைக்கிற மூன்று நிமிடத்தில் பெரும்பங்கை வீட்டார்தான் எடுத்துக்கொள்கிறோம். டாக்டர் அம்மாவைப் பார்த்து, "பையன் எப்படிம்மா இருக்கான்?" என்பார். "இப்ப பரவாயில்லைங்க, சொன்ன பேச்சு கேக்குறான்" என்பார் அம்மா. பழைய மாத்திரையே மறுபடி எழுதப்படும். மருந்து கூடிப்போய் மந்தமாகக் கிடப்பவனும் சொன்ன பேச்சைக் கேட்பான், இல்லையா? ஒரு தடவை தம்பியே, "நான் தனியா பேசணும் சார்" என்றான். அம்மாவுக்கு வருத்தம்தான். ஆனால் டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் கை நடுங்குவதும், விடிகாலையில் வயலுக்குப் போக வேண்டிய நாட்களில் ராத்திரி மாத்திரையை அவன் விட்டுவிடுவதும் அன்றைக்குத்தான் டாக்டருக்குத் தெரிந்தது. மாத்திரை சாப்பிடும் நேரத்தை முன்னால் நகர்த்தினார். அப்புறம் அவன் விடுவது குறைந்தது.

அதனால் "ஒரு மாதிரியா இருக்கு" என்பதோடு நிறுத்தாமல், அன்றாட வேலையை வைத்துச் சொல்வது நல்லது. நடவுக்கு ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும், எழுந்தால் தலை தூக்க முடியவில்லை. வண்டி ஓட்டும்போது கண் சொக்குகிறது. உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாமல் கால் பரபரக்கிறது. இதில் ஒவ்வொன்றுக்கும் டாக்டரால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அளவைக் குறைக்கலாம், நேரத்தை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். அதை அவர்தான் செய்ய வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது.

பைபோலாருக்குக் கொடுக்கும் லித்தியம் என்ற மருந்தைச் சாப்பிடுகிறவராக இருந்தால் இன்னும் கவனம். இந்த மருந்தில் சரியான அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி கொஞ்சம்தான். அதனால்தான் கடைசி மாத்திரைக்குப் பிறகு 12 மணி நேரம் விட்டு ரத்தம் எடுக்கிறார்கள். உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் லித்தியம் தேங்கும். சித்திரை வெயிலில் வரப்பு வெட்டுகிறவர் அதை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். அறுப்பு முடிந்து உடம்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் மாத்திரைகளும் லித்தியத்தை ஏற்றிவிடும். எங்கள் பக்கத்தில் ஒப்பிலியப்பன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு திருவோணத்தன்று உப்பில்லாமல் சாப்பிடும் வழக்கம் உண்டு. அம்மா தம்பிக்காக அப்படி வேண்டியிருந்தார். அவனையும் உப்பில்லாமல் சாப்பிட வைக்கப் பார்த்தார். நல்லவேளை, டாக்டரிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார். "நீங்க இருங்கம்மா, பையனுக்கு வேண்டாம்" என்றார் அவர். வாந்தி, பேதி, நடை தள்ளாட்டம், பேச்சுக் குழறல் வந்தால் அடுத்த ஓ.பி. நாள்வரை காத்திருக்காமல் உடனே போக வேண்டும் என்றும் அன்றைக்குத்தான் சொன்னார்.

சொல்லக் கூசும் விஷயங்கள் வேறு. சில மருந்துகள் தாம்பத்திய ஆசையைக் குறைக்கும். ரிஸ்பெரிடோன் போன்றவற்றால் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகலாம், பால் சுரக்கலாம். மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்தப் பெண் இதைச் சொல்வாள்? வாயால் சொல்ல முடியாவிட்டால் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுங்கள். எழுதத் தெரியாதவர் நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லலாம். மனநோய் தீர வேண்டிக்கொண்டு குணசீலம் கோயிலுக்குப் போனது, மந்திரித்தது, தாயத்து கட்டியது எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். முகம் சுளிக்கிற டாக்டர்களும் உண்டு. சுளித்தால் சுளிக்கட்டும். அங்கே இருந்த நாட்களில் மாத்திரை நின்றதா என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

டாக்டர்கள் பக்கமும் குறை இருக்கிறது. "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறியா?" என்று அதட்டினால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று சாதாரணமாகக் கேட்டுப் பார்க்கட்டும், உண்மை வரும். நோயாளியை எதிரில் வைத்துக்கொண்டே "இவன்" என்று அம்மாவிடம் விசாரிப்பதையும் நிறுத்தலாம். கூட்டம் அதிகம் என்பது நிஜம்தான். ஆனால் நோயாளியின் முகத்தைப் பார்த்துக் கேட்பதற்குக் கூடுதல் நேரம் ஆகாது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, என்ன சிகிச்சை, என்ன பக்கவிளைவு என்று புரியும் மொழியில் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. தன் சார்பில் பேச ஒருவரை அவரே எழுத்தில் நியமிக்கவும் முடியும். அண்ணன் நன்றாக இருக்கும்போது அவரிடம் கேளுங்கள்; அவர் உங்களைத்தான் சொல்வார் என்று நீங்களாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போகும்போது பழைய சீட்டுகள், ரத்தப் பரிசோதனைத் தாள், மிச்சமிருக்கும் மாத்திரை அட்டைகள் எல்லாம் ஒரே கவரில் இருக்கட்டும். மாதாந்திர ஊசி போடுகிறவர் என்றால் கடைசி ஊசித் தேதியை மேலேயே எழுதிவிடுங்கள், ஓ.பி.யில் டாக்டர் மாறிக்கொண்டே இருப்பார்கள். இடையில் சந்தேகம் வந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இலவசம், ராத்திரியிலும் தமிழில் பேசுவார்கள். அண்ணனே போன் செய்து பேசலாம்.