1979-இல் வந்த கன்டம் தொடரை இப்போது பார்க்கலாமா?

மெக்கா அனிமே, அதாவது ராட்சத ரோபோக்கள் வரும் ஜப்பானிய கார்ட்டூன் தொடர்கள் பார்த்துப் பழக்கமில்லை, 1979-இல் வந்த முதல் 'மொபைல் சூட் கன்டம்' தொடரிலிருந்து ஆரம்பிக்கலாமா, இல்லை அது ரொம்பப் பழசாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஆரம்பிக்கலாம். அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்றே சொல்வேன்.

நான் முதல் தடவை பார்த்தபோது மூன்று எபிசோடோடு விட்டுவிட்டேன். ஓவியம் சில இடங்களில் தடுமாறுகிறது, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள், ரோபோவுக்குச் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பொம்மைக்கடை வண்ணங்கள். நண்பர் ஒருவர், "பதிமூணு வரைக்கும் பாரு, அப்புறம் பேசலாம்" என்றார். பதிமூன்றைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு முழுத் தொடரையும் மூன்று முறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் எனக்கு இது ரோபோக் கதையாகத் தெரியவில்லை. வீட்டை இழந்த ஒரு பையனின் கதையாகத்தான் தெரிகிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மக்கள்தொகை பெருகியதால் மனிதர்கள் பூமியைச் சுற்றி விண்வெளிக் குடியிருப்புகளைக் கட்டிக் குடியேறி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. பிரமாண்டமான உருளைகள் அவை. தம்மைத் தாமே சுற்றிக்கொண்டு உள்ளே ஈர்ப்பு விசையை உண்டாக்கும். அமெரிக்க இயற்பியலாளர் ஜெரார்ட் ஓ'நீல் 1970-களில் முன்வைத்த வடிவம் அது. 'சைட்' என்பது இந்தக் குடியிருப்புகளின் ஒரு தொகுதி. பூமிக்கு மிகத் தொலைவில் இருக்கும் சைட் 3, ஜியோன் என்ற பெயரில் தனி நாடாக அறிவித்துக்கொண்டு பூமி கூட்டமைப்போடு போருக்கு இறங்குகிறது. ஒரு மாதத்துக்குச் சற்று மேல் நடந்த சண்டையில் மனித குலத்தில் பாதிப்பேர் செத்துப்போகிறார்கள். இதைத் தொடக்கத்திலேயே ஒரு குரல் சொல்லிவிடுகிறது. கதை அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

முதல் எபிசோடையே எடுத்துக்கொள்ளுங்கள். அமுரோ ரே என்ற பதினைந்து வயதுப் பையன். இயந்திரங்களைப் பிரித்துப் பார்ப்பதைத் தவிர வேறெதிலும் நாட்டமில்லாதவன். அவன் வாழும் குடியிருப்புக்குள் ஜியோனின் 'ஸாக்கு' என்ற போர் ரோபோக்கள் நுழைகின்றன. பக்கத்து வீட்டுத் தோழி ஃப்ராவின் குடும்பம் அவள் கண்ணெதிரே குண்டுவெடிப்பில் சாகிறது. அமுரோ ஓடிப்போய், தன் தந்தை உருவாக்கிய கன்டம் என்ற ரோபோவில் ஏறி, கையேட்டைப் பார்த்துப் பார்த்து இயக்குகிறான். முதல் ஸாக்குவை வெட்டியதும் அதன் எஞ்சின் வெடித்துக் குடியிருப்பின் சுவரில் ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டை வழியாக அவனுடைய அப்பா விண்வெளிக்குள் இழுத்துச் செல்லப்படுகிறார். மகனுக்கு அது தெரியாது. இன்னொரு வெடிப்பு நடந்தால் ஊரே போய்விடும் என்பது மட்டும் புரிகிறது. அதனால் அடுத்த ஸாக்குவில் எஞ்சினைத் தொடாமல் ஓட்டுபவன் இருக்கும் இடத்தை மட்டும் பார்த்துக் குத்துகிறான். அவனுடைய முதல் வெற்றி இதுதான். ஊரைக் காப்பாற்ற ஒரு மனிதனைக் குறிபார்த்துக் கொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்கு முன்பும் ரோபோத் தொடர்கள் ஏராளம். 1972-இல் வந்த 'மஸிங்கர் ஸீ' தொடரிலேயே பையன் ரோபோவுக்குள் உட்கார்ந்து ஓட்டினான். அங்கே ரோபோதான் நாயகன், வாரம் ஒரு அரக்கன். இங்கே ரோபோ என்பது பீரங்கி வண்டி மாதிரி ஒரு ராணுவத் தளவாடம். தொழிற்சாலையில் செய்கிறார்கள், பழுதாகிறது, உதிரிபாகம் தேவைப்படுகிறது. ரேடார் காலத்தில் ரோபோக்கள் எதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் வாள் வீச வேண்டும் என்பதற்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள்: மினோவ்ஸ்கி துகள். அதைப் பரப்பிவிட்டால் ரேடார் குருடாகிவிடும், எதிரியைக் கண்ணால் பார்த்துத்தான் சுட வேண்டும். கற்பனைதான், ஆனால் அந்த ஒரு கற்பனையை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் கறாராகக் கட்டியிருக்கிறார் இயக்குநர் யோஷியுகி தோமினோ.

சரி, பதிமூன்றாவது எபிசோட். இதையும் 33-ஐயும் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். தெரிந்துகொண்டு பார்த்தாலும் அவற்றின் கனம் குறையாது. பூமிக்கு வந்த அமுரோ அம்மாவைத் தேடிச் சொந்த ஊருக்குப் போகிறான். அவன் பிறந்த வீட்டில் சொந்தப் படையின் வீரர்களே குடித்துவிட்டுக் கிடக்கிறார்கள். அம்மா அகதி முகாமில் உதவி வேலை செய்துகொண்டிருக்கிறாள். அங்கே சோதனைக்கு வந்த எதிரி வீரனைப் போர்வைக்குள்ளிருந்து சுடுகிறான் மகன். அம்மா அதிர்ந்துபோகிறாள். அந்த மனிதனுக்கும் மனைவி, பிள்ளைகள் இருப்பார்கள் என்கிறாள். சுடாவிட்டால் நான் செத்திருப்பேன், இது போர் என்கிறான் மகன். இருவர் சொல்வதும் உண்மை. கடைசியில் அவன் அம்மாவுக்கு ராணுவ சல்யூட் அடித்துவிட்டுத் திரும்பிப் போகிறான். அந்த சல்யூட்டைப் பார்த்துத்தான் எனக்குத் தூக்கம் போனது. கட்டிப்பிடித்து அழ வேண்டிய இடத்தில் அந்தக் கைக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

33-இல் அப்பா. செத்துவிட்டார் என்று நினைத்தவர், நடுநிலையான சைட் 6-இல் ஒரு பழைய சாமான் கடை மாடியில் இருக்கிறார். ஆக்ஸிஜன் இல்லாமல் மூளை பாதிக்கப்பட்டிருக்கிறது. மகனிடம் நலம்கூட விசாரிக்காமல் கன்டமைப் பற்றியே பேசுகிறார். ஊரில் அம்மாவைப் பார்த்தேன் என்று மகன் சொன்னாலும் அது அவர் மனதில் ஏறவில்லை. இதைப் பொருத்தினால் கன்டமின் பலம் கூடும் என்று ஒரு பாகத்தைக் கொடுத்தனுப்புகிறார். எதற்கும் உதவாத பழைய பாகம். வெளியே வந்ததும் அமுரோ அதைத் தரையில் வீசி எறிகிறான். இதைக் குழந்தைகளுக்கான பொம்மை விளம்பரத் தொடராக ஒளிபரப்பினார்கள் என்பதை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை.

எதிரிப் பக்கத்தையும் இதே கண்ணோடுதான் காட்டுகிறார்கள். எட்டாவது எபிசோடில் ஒரு தாயும் சிறுவனும் தங்கள் ஊரைத் தேடி நடக்கிறார்கள். அவர்களுக்கு உணவைப் போட்டுவிட்டுப் போவது ஜியோனின் வேவு விமானம். அவள் தேடும் ஊர் ஏற்கெனவே அழிந்துவிட்டது என்பதைச் சொல்லவேண்டியதும் அந்த வீரர்கள்தான். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் வரும் மிஹாரு என்ற பெண், தம்பி தங்கைக்குச் சோறு போடுவதற்காக ஜியோனுக்கு உளவு பார்க்கிறவள். 28-ஆவது எபிசோடில் அவளுக்கு நேர்வதை மட்டும் நீங்களே பாருங்கள்.

ஒளிபரப்பானபோது இதற்குப் பெரிய வரவேற்பு இல்லை. ஸ்பான்சர் க்ளோவர் என்ற பொம்மை நிறுவனம். 52 எபிசோடுகள் என்று திட்டமிட்டு 43-இல் முடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 1979 ஏப்ரலில் ஆரம்பித்தது 1980 ஜனவரியில் நின்றது. மறுஒளிபரப்புகளில்தான் கூட்டம் சேர்ந்தது. 1980 ஜூலையில் பந்தாய் நிறுவனம் 300 யென்னுக்கு விட்ட பிளாஸ்டிக் மாடல் பெரிய அலையாகிவிட்டது. பின்பு தொடரைச் சுருக்கி 1981, 1982-இல் மூன்று திரைப்படங்களாக வெளியிட்டார்கள்.

பலர் உங்களிடம் "நேரமில்லையென்றால் அந்த மூன்று படங்கள் போதும்" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. படங்களில் கதை வேகமாகப் போகிறது. அமுரோவும் அவனோடு போர்க்கப்பலில் தப்பி வந்த பிள்ளைகளும் அந்தக் கப்பலிலேயே நாள்கணக்காகத் தூக்கமில்லாமல் கிடந்து, ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்து, மெல்ல மெல்ல ஒரு குடும்பமாவதற்கு வாராவாரம் வந்த அந்த நீளம் தேவைப்படுகிறது. மூன்றாவது படத்தை மட்டும் தொடரை முடித்தபிறகு கட்டாயம் பாருங்கள். கதாபாத்திரங்களை வடிவமைத்த யோஷிகாஸு யாசுஹிகோ தொடரின் பிற்பகுதியில் உடல்நலமில்லாமல் மருத்துவமனையில் சேர்ந்துவிட்டார், ஓவியத்தின் தரம் இறங்குவது கண்ணுக்கே தெரியும். மூன்றாவது படத்துக்கு அவர் திரும்பிவந்து நிறையக் காட்சிகளைப் புதிதாக வரைந்தார். விண்வெளிப் போர்க் காட்சிகள் அதில் அவ்வளவு அழகு.

கடைசியாக ஒன்று. நெற்றியில் பொட்டோடு லாலா சூன் என்ற பெண் பிற்பகுதியில் வருவாள். ஜியோன் பக்கத்தவள். 41-ஆவது எபிசோடில் சண்டையின் நடுவே அவளும் அமுரோவும் மனதால் பேசிக்கொள்கிறார்கள். உனக்குள் குடும்பமும் இல்லை, சொந்த ஊரும் இல்லை, காப்பாற்ற யாருமில்லை, பிறகு எதற்காக இப்படிச் சண்டை போடுகிறாய் என்று கேட்கிறாள். அவனால் பதில் சொல்ல முடியவில்லை. பதிமூன்றையும் முப்பத்துமூன்றையும் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி எவ்வளவு சரியானது என்று தெரியும். அவன் அவளுக்குப் பதில் சொல்வது 43-இன் கடைசி நிமிடங்களில். அது என்னவென்று இங்கே எழுத மாட்டேன். அந்த எபிசோடை அவசரமில்லாத ஒரு நாளில் தனியாக உட்கார்ந்து பாருங்கள்.