சிவாவா குட்டி வாங்கும் முன் தாயைப் பாருங்கள்

வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவரின் பதில்களும்

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் இரண்டு ஆண்டுகளாகச் சிவாவா நாய்க்குட்டி கேட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டாவது மாடியில் குடியிருப்பதால் சிறிய நாய்தான் சரிப்படும் என்று நானும் என் கணவரும் சம்மதித்துவிட்டோம். இணையத்தில் ஒருவர் 'டீ கப் சிவாவா' என்று படம் போட்டிருக்கிறார். குட்டிக்கு ஆறு வாரம் ஆகிறதாம். பாதிப் பணத்தை முன்னதாக அனுப்பினால் பெங்களூரிலிருந்து இரவுப் பேருந்தில் ஏற்றிவிடுவதாகவும், நாயின் வம்சத்தைக் காட்டும் கே.சி.ஐ. சான்றிதழ் வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்றும் சொல்கிறார். நம்பலாமா, டாக்டர்? நல்ல குட்டியை எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, காட்பாடி

பதில்: அம்மா, தயவுசெய்து பணத்தை அனுப்பாதீர்கள். ஆறு வாரக் குட்டி, 'டீ கப்' என்ற பெயர், இரவுப் பேருந்து, தனி விலைக்குச் சான்றிதழ் என்று நீங்கள் எழுதியிருக்கும் நான்கில் எந்த ஒன்றைக் கேட்டிருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

வயதிலிருந்து தொடங்குகிறேன். நாய் வளர்த்து விற்பவர்களுக்காக மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவே கூடாது. சிவாவா போன்ற மிகச் சிறிய இனத்துக்குப் பத்து வாரம், முடிந்தால் பன்னிரண்டு வாரம் தாயோடு இருக்கட்டும் என்பது என் கருத்து. சில நூறு கிராம் எடையுள்ள அந்த உடலில் சேமிப்பு என்று எதுவும் இல்லாததால், பால்குடி மறந்து திட உணவைத் தானாகத் தின்னப் பழகும் முன் பிரித்தால் ஒருவேளை உணவு தவறினாலும் உயிருக்கு ஆபத்தாகிவிடும். எந்த அளவு கடித்தால் வலிக்கும் என்பதையும் குட்டி அந்த வாரங்களில்தான் தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் கற்றுக்கொள்கிறது.

'டீ கப்' என்று தனி இனமோ வகையோ கிடையாது. நாயினங்களைப் பதிவு செய்யும் எந்தக் கென்னல் கிளப்பும் அதை ஏற்றதில்லை. மெக்சிகோவின் ஒரு மாநிலத்தின் பெயரைத் தாங்கிய இந்த இனமே உலகின் மிகச் சிறிய நாயினம். நன்கு வளர்ந்த சிவாவா சுமார் மூன்று கிலோவுக்குள்தான் இருக்கும். அதிலும் சிறியது என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஈற்றிலேயே நலிந்த குட்டியாகவோ, வயதைக் கூட்டிச் சொல்லப்பட்ட பச்சைக்குட்டியாகவோ இருக்கும். அந்த நலிவுக்குத்தான் உங்களிடம் கூடுதல் விலை கேட்கிறார்கள்.

இப்படிப் பேருந்தில் வந்த குட்டி ஒன்றை வேலூர் பேருந்து நிலையத்திலிருந்து நேராக என்னிடம் கொண்டுவந்தார்கள். அட்டைப்பெட்டிக்குள் ஈறுகள் வெளுத்து, உடல் சில்லிட்டுக் கிடந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து நின்றது. அந்த வீட்டுப் பையன் கைதட்டிச் சிரித்தான். நான்காம் நாள் பார்வோ என்ற வைரஸ் நோயின் இரத்தக் கழிச்சல் தொடங்கியது, ஆறாம் நாள் இறந்துவிட்டது. விற்றவருடைய தொலைபேசி அதன்பின் எடுக்கப்படவே இல்லை. அந்தப் பையனின் முகம் நினைவில் இருப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் மாடு வாங்குபவர்களைப் பார்த்திருப்பீர்கள். பல்லைப் பிடித்துப் பார்க்காமல், நடக்கவிட்டுப் பார்க்காமல், மடியைத் தொட்டுப் பார்க்காமல் யாரும் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதில்லை. அதே பொறுமை ஒரு குட்டிக்கும் வேண்டும். விற்பவர் வீட்டுக்கே நேரில் சென்று, தாய் நாயைக் குட்டிகளோடு காட்டச் சொல்லுங்கள். பால் கொடுத்த அடையாளம் முலைக்காம்புகளில் தெரிய வேண்டும். குட்டிகள் அதைத் தேடிப் போக வேண்டும். அறிமுகமில்லாதவரைக் கண்டு தாய் குரைக்கலாம், அது இயல்பு. ஆனால் மூலையில் ஒடுங்கி நடுங்கினால், அந்த அச்சம் குட்டிகளிடமும் ஓரளவு இருக்கும் என்று எதிர்பாருங்கள். தந்தை வேறு ஊரில் இருப்பது வழக்கம்தான். அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். தாயைக் காட்ட மறுப்பவரிடமும், 'பாதி வழியில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்' என்பவரிடமும், ஐந்தாறு இனங்களின் குட்டிகளை எந்நேரமும் கையிருப்பில் வைத்திருப்பவரிடமும் வாங்காதீர்கள். அவர்கள் தரகர்கள்.

தாயின் வயதையும், இது எத்தனையாவது ஈற்று என்பதையும் கேளுங்கள். பதினெட்டு மாதம் நிறையாத பெண் நாயை இணை சேர்க்கக் கூடாது, வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது என்பதும், வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும் நான் முன்பு சொன்ன 2017 விதிகளிலேயே உள்ளவை. பொறுப்பாக நாய் வளர்த்து விற்பவர் இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்வதோடு, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், மாடியில் தடுப்புக் கம்பி இருக்கிறதா என்று உங்களையும் விசாரிப்பார். அப்படி விசாரிப்பவரை நம்பலாம்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் கிளப் வழங்குவதுதான் கே.சி.ஐ. சான்றிதழ். அது குட்டியின் வம்சத்தைச் சொல்லுமே தவிர உடல்நலத்தைச் சொல்லாது. அதிலுள்ள மைக்ரோசிப் எண்ணும் குட்டியின் தோலுக்கடியில் வைக்கப்பட்ட அடையாளச் சிப்பின் எண்ணும் ஒன்றுதானா என்று கருவியால் சரிபார்க்கச் சொல்லுங்கள். தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டும் மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். வெறும் பேனாவால் எழுதிய தேதியை நான் ஏற்பதில்லை.

குட்டியைக் கையில் எடுக்கும் முன் தரையில் நடக்கவிடுங்கள். பின்னங்காலை அவ்வப்போது தூக்கித் தத்திச் சென்றால் முழங்கால் சில்லு நழுவுகிறது என்று பொருள். இந்த இனத்தில் அது மிகவும் சாதாரணம். பிறகு உச்சந்தலையை மெல்லத் தடவிப் பாருங்கள். பச்சைக் குழந்தைக்கு இருப்பதுபோல் சிவாவா குட்டிக்கும் உச்சிக்குழி இருக்கலாம். சிறியதாக இருந்தால் கவலை இல்லை. குழி பெரிதாகவும், தலை அளவுக்கு மீறி உப்பியும், கண்கள் வெளிப்புறமாக விலகியும், குட்டி மந்தமாகவும் இருந்தால் மூளையில் நீர் கோத்திருக்கக்கூடும். பின்னால் நின்று கைதட்டினால் திரும்ப வேண்டும். பளிங்குபோல் திட்டுத்திட்டாக நிறம் கலந்த 'மெர்ல்' குட்டிக்கு அதிக விலை சொல்வார்கள். தாய், தந்தை இரண்டுமே அந்த நிறம் என்றால் செவிடாகவோ குருடாகவோ பிறக்கும் வாய்ப்பு இருப்பதால் தவிர்த்துவிடுங்கள். வாங்கிய இரண்டு நாளுக்குள் உங்கள் மருத்துவர் பார்த்து, குறை இருந்தால் திருப்பிக்கொள்வதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பத்து வாரச் சிவாவா குட்டி நேற்றுக் காலை தள்ளாடி விழுந்து, வாயோரம் நுரை தள்ளியது. சிறிது நேரத்தில் தானாகச் சரியானது. வலிப்பு நோயா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: இரவு முழுவதும் வெறும் வயிற்றோடு இருந்ததால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் தானாகச் சரியானது என்று விட்டுவிடாமல் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மீண்டும் நேர்ந்தால் தேனையோ கெட்டியாகக் கரைத்த குளுக்கோஸையோ விரலில் தொட்டு ஈறுகளில் தடவுங்கள். நினைவு தவறிய குட்டியின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். துணியில் சுற்றி உடலைச் சூடாக வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நாலைந்து மாதம் ஆகும்வரை ஒரு நாளைக்கு நான்கைந்து வேளையாகப் பிரித்து ஊட்டுங்கள், கடைசி வேளை நீங்கள் உறங்கப் போகும் நேரத்தில் இருக்கட்டும்.

கேள்வி: வீட்டில் இரண்டு வயதுப் பேரன் இருக்கிறான். சிவாவா வாங்கலாமா?
– வாசகர், ஆற்காடு

பதில்: இப்போது வேண்டாம், ஐயா. குழந்தையின் கையிலிருந்து நழுவி விழுந்தாலே குட்டியின் கால் எலும்பு முறிந்துவிடும். வலியில் அது கடித்தால் குழந்தைக்கும் காயம். பேரன் பள்ளிக்குச் சென்று, சொன்னதைக் கேட்கும் வயது வரட்டும்.

கேள்வி: எங்கள் பெண் சிவாவாவுக்குப் பதினொரு மாதம். தெரிந்தவர் ஒருவர் தம் ஆண் நாயோடு இணை சேர்க்கக் கேட்கிறார். ஒரு தடவை குட்டி போட்டால் நல்லது என்கிறார்கள்.
– வாசகி, ஆம்பூர்

பதில்: அதன் உடல்நலத்துக்காக ஒரு தடவை குட்டி போட வேண்டும் என்பதில் உண்மை இல்லை, அம்மா. பதினொரு மாதம் என்பது சட்டப்படியும் உடற்கூற்றின்படியும் மிகவும் முன்கூட்டியது. சிவாவா குட்டியின் தலை பெரியது, தாயின் இடுப்பு எலும்போ குறுகலானது. ஆகவே பல நாய்களுக்கு அறுவை செய்துதான் குட்டியை எடுக்க வேண்டியிருக்கிறது. நள்ளிரவில் அந்த அறுவையைச் செய்யக்கூடிய மருத்துவர் உங்கள் ஊருக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் தெரிந்தவரிடம் மறுத்துவிட்டு, கருத்தடை அறுவைக்கு ஏற்ற காலம் எது என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.